கிறிஸ்தவத்தில் ஜெபத்தால் சுகமாக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இன்றும் அது ஏன் இவ்வளவு செல்வாக்குடன் இருக்கிறது?

அதன் வேர் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே எழுதப்பட்டிருப்பதும் இன்றைய சுகமளிக்கும் கூட்டங்களின் மேடையில் போதிக்கப்படுவதும் ஒன்றல்ல என்பது என் கருத்து.

வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் அவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்கிறது புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) 5-ஆம் அதிகாரம். இங்கே நோயாளி யாரையும் தேடி அலைவதில்லை. சபைதான் அவனிடம் வருகிறது. நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை (முடக்குவாத நோயாளியை) இயேசுவின் முன் இறக்கியபோது அவர் கண்டது ‘அவர்கள் விசுவாசத்தை’ என்று பன்மையில்தான் நற்செய்தியாளர் மாற்கு எழுதுகிறார். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவனுக்கோ, தன்னைக் குணமாக்கியவர் இன்னார் என்பதே தெரியாது. பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்கு நோயுள்ள) பெண்ணிடம் ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்று இயேசு சொன்னது உண்மை. அந்த ஆறுதல் வார்த்தையைப் பிற்காலத்தில் எல்லோருக்குமான நிபந்தனையாக ஆக்கிவிட்டார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த எண்ணெய் பூசுதல் காலப்போக்கில் மரணப் படுக்கைக்குரிய சடங்காகச் சுருங்கி, 1960-களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே மீண்டும் நோயாளிகளுக்கு உரியதானது. 1858-இல் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் பிரான்சின் லூர்து நகரில், குணமடைந்ததாக வருபவர்களை ஆராய 1883 முதல் மருத்துவர் குழு இயங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் சாட்சி சொல்லியும், திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். அற்புதத்தை நம்புகிறவர்களே அதில் இவ்வளவு கறாராக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

உண்மையான திருப்பம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஏ. பி. சிம்ப்சன் போன்ற போதகர்கள், பாவமன்னிப்பைப் போலவே சரீர சுகமும் சிலுவையில் சம்பாதிக்கப்பட்டுவிட்டது என்று போதித்தார்கள். ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்ற ஏசாயாவின் வசனம் அதற்கு ஆதாரமானது. சுகம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்றால், குணமாகாதவன் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை என்றுதானே பொருளாகும்? பழி நோயாளியின் தலையில் விழுவதற்கு வழி பிறந்தது இங்கேதான். ஜெபத்தால் சுகமாக்கும் போதகரான ஜான் அலெக்சாண்டர் டவி இல்லினாய் மாநிலத்தில் நிறுவிய சையோன் நகரில் மருந்துக்கும் மருத்துவருக்கும் இடமே இல்லை. 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில் மூண்ட எழுப்புதலுக்கு (ஆன்மிக எழுச்சிக்கு) பின், பெந்தெகொஸ்தே இயக்கம் தெய்வீக சுகத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. 1950-களில் அமெரிக்கப் போதகர் ஓரல் ராபர்ட்ஸ் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து, பார்ப்பவர்களைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார். அவரே 1981-இல் ஒரு பெரிய மருத்துவமனையைத் திறந்தார் என்பதும், அது 1989-இல் மூடப்பட்டது என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

சேதமும் சிறிதல்ல. மத நம்பிக்கை காரணமாகச் சிகிச்சை மறுக்கப்பட்டு அமெரிக்காவில் 1975-க்கும் 1995-க்கும் இடையே இறந்த 172 குழந்தைகளைப் பற்றி 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 140 பேருக்கு வந்தவை, மருத்துவம் கிடைத்திருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்க வாய்ப்புள்ள நோய்கள்.

அப்படியிருந்தும் இது நிலைத்திருப்பதற்கு, ஏமாற்று வேலை என்ற ஒற்றைச் சொல் விளக்கமாகாது. மருத்துவர் கைவிரித்த பிறகும் ஒருவர் அருகில் உட்கார்ந்து, தலையில் கைவைத்து, பெயர் சொல்லி ஜெபிக்கும்போது கிடைக்கும் தைரியம் பொய்யல்ல. ஆனால் இத்தகைய கூட்டங்களிலிருந்து குணமாகாமல் திரும்பியவர்களிடம் நான் பேசியபோதெல்லாம், நோயின் வேதனையைவிட ‘எனக்கு விசுவாசம் போதவில்லை’ என்ற குற்றவுணர்வே அவர்களை அதிகம் வாட்டியது. மருந்தை நிறுத்தச் சொல்லும் போதகர்களிடம் பவுலின் கடிதங்களைத்தான் காட்ட வேண்டும். தம் உடன் பணியாளர் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்ன அவர், இன்னொரு உடன் பணியாளர் துரோப்பீமுவை மிலேத்து நகரில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். அந்த இருவரில் எவருடைய விசுவாசத்தையும் அவர் குறை சொல்லவில்லை.