காரில் பாட்டிக்கு இடம் இல்லையா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு வருடமாக மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் பைத்தியம், அதிலும் செத்தும் நடமாடி ஆட்களைக் கடிக்கிற ஜாம்பிகளின் கதைகள். 'ஹைஸ்கூல் ஆஃப் தி டெட்', 'ஐ ஆம் எ ஹீரோ', 'ஜோம் 100' என்று இரவு ஒரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறான். வாங்கிப் பார்த்தேன். ஒரு கதாநாயகன் ஆரம்பத்திலேயே உயிர் நண்பனை அடித்துக் கொல்கிறான். இன்னொருவன் புத்தி பேதலித்தவன், கையில் துப்பாக்கி. மூன்றாமவன் ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது இனி ஆபீஸ் போக வேண்டாம் என்று துள்ளிக் குதிக்கிறான். இவர்களை ஹீரோ என்று படிக்கிற பிள்ளை நாளை என்ன ஆவான்? மற்றபடி நல்ல பையன், கலகலப்பானவன். போன ஞாயிறு சாப்பிடும்போதுகூட, ஜாம்பி வந்தால் நம் காரில் யார் யார் என்று பட்டியல் போட்டான். நாங்கள் நான்கு பேர், ஐந்தாவது சீட் எங்கள் பொமரேனியனுக்கு. மாடி அறையில் இருக்கும் என் அம்மாவை விட்டுவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம். அவனிடமிருந்து போனைப் பிடுங்கிவிடலாமா?
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்ட ஒரு தந்தை)

பதில்: தம்பி, பிள்ளை கெட்டுப்போகிறான் என்று மாதம் பத்துக் கடிதமாவது எனக்கு வருகிறது. முன்பு சினிமா, பிறகு டிவி, இப்போது போன். உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டில் போட்டிருப்பேன், கடைசி நான்கு வரி மட்டும் இல்லாவிட்டால்.

நாய் என்ன ஜாதி என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு என்ன வயது என்று எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடே உட்கார்ந்து சாப்பிடுகிறது. அப்போது அம்மா எங்கே இருந்தார்? மாடியிலா? சாப்பாடு மேலே போய்விடுகிறதா? யார் கொண்டுபோகிறீர்கள், நீங்களா, உங்கள் மனைவியா, வேலைக்கார அம்மாவா? வயதானவரைப் படியேற வேண்டிய அறையில் வைத்த புத்திசாலி யார்? படியில் இறங்க முடியாதவர் கீழே வரமாட்டார், கீழே வராதவர் கண்ணில் படமாட்டார். கண்ணில் படாத ஆளைப் பையன் பட்டியலில் சேர்க்கவில்லை. அவன் கணக்கில் தப்பே இல்லை. வீட்டில் பார்த்ததைத்தான் எண்ணியிருக்கிறான்.

உங்கள் கடிதம் வந்த பிறகு என் பேத்தியிடம் கேட்டு அந்தக் கதைகளைப் புரட்டினேன். வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகவே இரண்டு நாள் ஆனது. நீங்கள் ஏழெட்டுப் பக்கம் பார்த்துவிட்டு மூடிவைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பனைக் கொன்றவன் என்றீர்களே, அவன் பெயர் தகாஷி. அந்த நண்பன் ஜாம்பியிடம் கடிபட்டவன். நான் வேறொன்றாக மாறுவதற்கு முன் நீயே முடித்துவிடு என்று அவனே கேட்டுக்கொள்கிறான். அதை விடுங்கள், நீங்கள் தாண்டிப்போன பக்கத்துக்கு வாருங்கள். ஓர் இரவு ஒரு தகப்பன் தன் சின்ன மகளோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். குழந்தையையாவது உள்ளே விடுங்கள் என்று கெஞ்சுகிறார். உள்ளே இருக்கிற ஆள் கதவைத் துளி திறந்து அவரைக் குத்திவிடுகிறார். அந்த ஆளுக்கும் வீட்டுக்குள்ளே குடும்பம் இருந்திருக்கும், அதைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்று அவரும் நினைத்திருப்பார். எல்லோரையும் நம்மால் காப்பாற்ற முடியாது என்று சற்று முன்புதான் சொல்லிக்கொண்டிருந்த தகாஷி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழந்தையைத் தூக்கி வருகிறான். அங்கே குலைத்துக்கொண்டிருந்த நாய்க்குட்டியும் கூடவே வருகிறது. அவன் நாய்க்கு இடம் கொடுத்தான், ஆனால் அதற்காக ஆளைக் கழிக்கவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளைகள் ஊர் முழுக்கச் சுற்றுவது எதற்குத் தெரியுமா? அவரவர் அப்பா அம்மாவைத் தேடி.

(ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் பெண் பிள்ளைகளை வரைந்திருக்கிற விதம் 16 வயதுக்கு ஆகாது. அதை மட்டும் எடுத்து வையுங்கள். 2006இல் தொடங்கியது, எழுதியவர் 2017இல் காலமாகிவிட்டார், கதைக்கு முடிவும் கிடையாது.)

துப்பாக்கிக்காரன் ஹிடியோவுக்கு வருவோம். 2009 முதல் 2017 வரை வந்து 22 புத்தகங்களாக நீண்ட கதை. அவனை நல்லவன் என்று நான் சொல்லப்போவதில்லை. 35 வயதில் இன்னொருவருக்கு மங்கா வரைய உதவிக்கொண்டு, இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு, இருட்டுக்குப் பயந்துகொண்டு இருக்கிற ஆள். காதலியே கதவுக்கு அந்தப் பக்கம் வேறொன்றாக மாறி நிற்கும்போது அவனுக்கு முதலில் புரிவதுகூட இல்லை. ஆனால் ஜப்பானில் துப்பாக்கி லைசென்ஸ் லேசில் கிடைக்காது. பரீட்சை, போலீஸ் விசாரணை, பூட்டிவைக்கப் பெட்டி என்று ஏகப்பட்ட கெடுபிடி. அதனால் ஊர் எரியும்போதும் அடுத்தவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் சட்டவிரோதம் என்று பதறுகிறான். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. இந்தப் பயந்தாங்கொள்ளியோடு ஒரு பள்ளி மாணவி சேர்கிறாள், ஹிரோமி. அவளுக்குப் பாதி நோய் தொற்றிவிடுகிறது, பேச்சும் நினைவும் தப்பிவிடுகின்றன. எந்த நிமிடம் கடிப்பாளோ தெரியாது. அவளை விட்டுவிட்டு ஓட அவனுக்கு நூறு வாய்ப்பு. கூட்டிக்கொண்டே அலைகிறான்.

பேச்சும் நினைவும் தப்பிய ஆளோடு அலைவது எப்படி இருக்கும் என்று ஹிடியோவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா, தம்பி?

ஆபீஸ் போக வேண்டாம் என்று குதித்த அகிராவை மட்டும் நீங்கள் திட்டவே கூடாது. மூன்று வருடம் ஒரு கம்பெனி அவனைச் சாறு பிழிந்திருக்கிறது. 'பிளாக் கம்பெனி' என்று ஜப்பானியர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை பார்த்தே சாவதற்கு அவர்கள் மொழியில் தனிச் சொல் இருக்கிறது, 'கரோஷி'. இந்தக் கதை வெளிவரத் தொடங்கிய அதே 2018இல்தான் ஓவர்டைமுக்கு உச்சவரம்பு வைத்து அங்கே சட்டம் போட்டார்கள். மிக நெருக்கடியான மாதத்திலும் 100 மணி நேரத்தைத் தொடக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதற்கு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவன் ஜாம்பியாவதற்குள் செய்ய வேண்டிய நூறு காரியம் என்று ஒரு பட்டியல் போடுகிறான். உங்கள் மகனும் பட்டியல்தான் போட்டான். அகிரா ஜாம்பிகளுக்கு நடுவே குன்மாவில் இருக்கிற சொந்த ஊருக்குப் புறப்படுகிறான், அப்பா அம்மாவைப் பார்க்க. உங்களுக்கு ஒரு மாடிப்படி.

அதே ஜப்பானில் ஒரு பழைய கதை உண்டு. வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விட்டுவிடும் 'உபாசுதே' கதை. மகன் அம்மாவை முதுகில் சுமந்து காட்டு வழியே ஏறுகிறான். முதுகில் இருக்கிற கிழவி வழி நெடுக மரக்கிளைகளை ஒடித்துக்கொண்டே வருகிறாள். எதற்கு என்று மகன் கேட்கிறான். நீ திரும்பிப் போகும்போது வழி தவறிவிடக்கூடாதே என்கிறாள்.

இதைப் படித்து நீங்கள் கண்கலங்கினால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. படியேறிப் போங்கள்.

இன்னொன்று. 16 வயதுப் பையன் இப்படி ஒரு ஜோக் அடித்தால் ஒரு நொடி பெரியவர்கள் முகத்தைப் பார்ப்பான். யாராவது 'டேய், பாட்டி எங்கேடா' என்று கேட்பார்களா என்று பார்ப்பான். நீங்கள் கேட்கவில்லை, உங்கள் மனைவியும் கேட்கவில்லை. அந்த ஒரு நொடியில் அவன் என்ன எழுதிக்கொண்டானோ, அது உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்னும் முப்பது வருடத்தில் மாடி அறை யாருக்கு என்று நான் எழுத வேண்டுமா?

போனை இரவு பத்து மணிக்கு வாங்கி வையுங்கள், தூக்கத்துக்காக. மங்காவுக்காக வேண்டாம்.

அம்மாவின் கட்டிலை இந்த வாரமே கீழே இறக்குங்கள். கீழே அறை இல்லை என்றால் உங்கள் படுக்கையறை இருக்கிறது, நீங்களும் மனைவியும் படியேறக்கூடிய வயதில்தான் இருக்கிறீர்கள். கட்டிலின் ஒரு முனையைப் பையன் பிடிக்கட்டும். அடுத்த ஞாயிறு எல்லோரும் காரில் எங்காவது போய் வாருங்கள். முன் சீட் அம்மாவுக்கு. நாய் யார் மடியிலாவது உட்காரும், பொமரேனியன்தானே.