டர்பனில் நாய்க்கு வீட்டிலேயே ட்ரீட் (நொறுக்குத் தீனி) செய்வது எப்படி? உப்பில்லாமல் பில்டாங் (காற்றில் உலர்த்திய இறைச்சி) போட்டுக் கொடுக்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீடு, 12 கிலோ நாய், வீட்டில் பில்டாங் பெட்டி சும்மா கிடக்கிறது. முன்பு செய்த பிஸ்கட் நான்கே நாளில் பூசணம் பிடித்துவிட்டது.

பில்டாங்கை முதலில் முடித்துவிடுவோம். மனிதருக்குப் போடும் பில்டாங்கில் உப்பு அதிகம். காய்ந்து எடை பாதியாகும்போது அதே உப்பு இரண்டு மடங்கு அடர்த்தியாகிவிடும். ஆகவே அது நாய்க்கு ஆகாது. உப்பும் வினிகரும் இல்லாமல் போட்டால் இன்னும் மோசம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு பல்பும் ஒரு சின்ன விசிறியும்தான். இறைச்சி நாள்கணக்கில் கிட்டத்தட்ட அறைச் சூட்டிலேயே தொங்குகிறது; அதுவரை கெடாமல் காப்பது உப்பும் வினிகரும்தான். அவற்றை எடுத்துவிட்டு டர்பனின் கோடையான ஜனவரியில் தொங்கவிட்டால் கிடைப்பது அழுகிய மாட்டிறைச்சி. நாயின் வயிறு தாங்கினாலும், அதைக் கையால் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்கு சால்மொனெல்லா வரலாம்.

நாய்க்கு இறைச்சி ட்ரீட் என்றால் முதலில் வேகவைக்க வேண்டும், பிறகுதான் காயவைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. பச்சை இறைச்சியை நேரே ஓவனில் மெல்லிய சூட்டில் வைத்தால், ஆவியாகும் ஈரம் இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஓவன் 90 டிகிரி காட்டும், துண்டின் நடுவில் அந்தச் சூடு வெகுநேரம் ஏறாது.

மிக எளிதானது கோழி ஈரல். 500 கிராம் ஈரலை நரம்பும் கொழுப்பும் நீக்கிக் கழுவி, மசாலா, உப்பு எதுவும் இல்லாத தண்ணீரில் கொதி வந்ததிலிருந்து பத்து நிமிடம் வேகவிடுங்கள். வெட்டினால் நடுவில் சிவப்புச் சாறு வரக்கூடாது; தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி. ஆறியதும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்பி, 100 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ஓவன் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி இடுக்கு விட வேண்டும். நீராவி வெளியேற வழி இல்லாவிட்டால் ஈரல் காயாது, அவியும். காய்ந்துவிட்டதா என்று தராசு சொல்லிவிடும்: 500 கிராம் ஈரல் ஏறத்தாழ 150 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். 200 காட்டினால் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. கொழுப்பில்லாத மாட்டிறைச்சியையும் இதே மாதிரி செய்யலாம்.

ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். காய்ந்த ஈரல் 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

இனி பிஸ்கட். ஓட்ஸை மிக்ஸியில் பொடித்த மாவு 200 கிராம், வேகவைத்து மசித்த பட்டர்நட் (ஒரு வகைப் பூசணி) 100 கிராம், ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய். சர்க்கரை வேண்டாம், உப்பு வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். பட்டர்நட்டை வேகவைத்ததும் துணியில் கட்டிப் பத்து நிமிடம் வடியவிடுங்கள். பிசைந்த மாவு கையில் ஒட்டுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். மேலும் மாவைக் கொட்டாமல் கால் மணி நேரம் மூடி வைத்தால் ஓட்ஸே அதைக் குடித்துவிடும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களாகக் கத்தியால் கீறுங்கள். எலும்பு வடிவ அச்செல்லாம் படம் எடுத்துப் போடுவதற்குத்தான்; நாய் அதைப் பார்ப்பதே இல்லை.

பூசணம் பிடித்த கதைக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 180 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு எடுத்தால் வெளியே சிவந்து மேலோடு இறுகிவிடும், நடுவில் ஈரம் சிக்கிக்கொள்ளும். டப்பாவில் மூடியதும் அந்த ஈரம் வெளியே கசியும்; மீதியைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும். அதனால் 170 டிகிரியில் இருபது நிமிடம் சுட்டபின் 100 டிகிரிக்கு இறக்கி இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். அணைத்த பிறகும் ஓவனுக்குள்ளேயே ஆறட்டும். ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கண்ணாடியின் உட்புறம் மங்கியிருந்தாலோ, பிஸ்கட் ஒடியாமல் வளைந்தாலோ மறுபடி 100 டிகிரியில் அரை மணி நேரம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மிச்சத்தை ஃப்ரீசரில் போடுவது நல்லது.

எவ்வளவு கொடுக்கலாம்? ட்ரீட் எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கருத்தடை செய்த 12 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 700 கலோரி தேவை, ட்ரீட்டுக்கு 70. மேலே சொன்ன மாவு மொத்தம் 950 கலோரிக்குச் சற்று மேலே. 300 சதுரம் வரும், ஒன்று 3 கலோரி. ஈரல் கொடுக்காத நாளில் இருபது சதுரம் வரை தாராளம். காய்ந்த ஈரல் கிராமுக்கு 4 கலோரி, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மீந்த பாப் (மக்காச்சோள மாவுக் களி) உப்பில்லாததாக இருந்தால் மெல்லியதாகத் தட்டி இதே சூட்டில் காயவைக்கலாம். மீலி (மக்காச்சோள) மாவில் பழைய வாடையோ வண்டோ இருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள். சோளத்தில் வளரும் பூஞ்சையின் நஞ்சு, அஃப்ளடாக்ஸின், நாயின் ஈரலைத்தான் தாக்கும். சுட்டாலும் அது முழுதாக அழியாது. 2011-இல் கௌடெங் மாகாணத்தில் அந்த நஞ்சு கலந்த தீவனம் தின்று நாய்கள் செத்திருக்கின்றன. பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும் விருந்து) முடிந்ததும் மீலிக் கட்டையை நாய்க்கு வீசும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது செரிக்காது, குடலில் அடைத்து ஆபரேஷனில் போய் நிற்கும்.

வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போது லேபிளைக் கட்டாயம் படியுங்கள். 'சர்க்கரை இல்லை' என்று போட்ட சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். 12 கிலோ நாய்க்கு வெறும் 1.2 கிராம். அரை மணி நேரத்தில் தள்ளாட ஆரம்பிக்கலாம். தென் கடற்கரைப் பக்கமிருந்து வரும் மக்கடேமியா கொட்டையும் ஆகாது, பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் விலக்கு. நம் சமையலில் வெங்காயம் இல்லாத குழம்பு ஏது? அதனால் குழம்பில் வெந்த ஈரலைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். தீபாவளி நேரத்தில் பர்ஃபித் தட்டு நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள், லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு.

வெயில் நாளுக்கு ஓவனே வேண்டாம். சர்க்கரை சேர்க்காத மாஸ் (புளித்த பால்) ஒரு கப், ஒரு சின்ன வாழைப்பழம். அடித்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டு நாளைக்கு இரண்டு கட்டி. பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்குக்கூட மாஸ் ஓரளவு ஒத்துப்போகும், புளிக்கும்போது லாக்டோஸ் குறைவதால். முதல் நாள் ஒரே ஒரு கட்டி கொடுத்து, மறுநாள் கழிச்சல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.