அமெரிக்காவில் கஞ்சா சட்டபூர்வமான மாநிலத்தில், கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வைத்திருப்பவர் கஞ்சாக் கடையில் வேலை பார்க்கலாமா? மாநிலச் சட்டம் செல்லுமா, மத்தியச் சட்டமா?

வேண்டாம். நல்ல சம்பளத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குடியுரிமை வாங்கும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் மனைவியின் தம்பி கொலராடோ மாநிலத்தின் டென்வரில் மாநில உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒன்றில் கணக்கு வேலை பார்த்தான். ஒருநாளும் புகைத்ததில்லை. சம்பளத்தில் வருமான வரி ஒழுங்காகப் பிடித்தார்கள், மத்திய அரசும் அதை வாங்கிக்கொண்டது. குடியுரிமை நேர்காணலில் வேலையைப் பற்றிக் கேட்டபோது உள்ளதைச் சொன்னான். குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை இல்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இனி வெளிநாடு போனால் திரும்பி வரும்போது உள்ளே விட மறுக்கலாம் என்று வக்கீல் எச்சரித்தார். திருக்கடையூரில் என் மாமனாருக்குப் பீமரத சாந்தி நடந்தபோது ஒரே மகன் டென்வரில் இருந்தபடி போனில் பார்த்தான். மாமியார் இன்றுவரை அதைச் சொல்லி அழுகிறார்.

கொலராடோ மக்கள் 2012-ல் வாக்களித்துக் கஞ்சாவைத் தங்கள் மாநில அரசியல் சட்டத்திலேயே அனுமதித்தார்கள். 2014 ஜனவரியில் கடைகள் திறந்தன. ஆனால் மாநிலம் நீக்கியது தன்னுடைய தண்டனையை மட்டும்தான். 1970-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் அட்டவணையில் வைத்தது, அந்தச் சட்டத்தை மாநில வாக்கெடுப்பு அசைக்க முடியாது. வீட்டில் வளர்த்து, யாருக்கும் விற்காமல், சொந்த நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தினாலும் மத்திய அரசு தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஏஞ்சல் ரெய்ச் வழக்கில் 6-3 எனத் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதுவரை நீளுமாம்! அப்படியானால் எதுவரைதான் நீளாது?

சரி, கடைகள் எப்படி நடக்கின்றன? தெருவுக்குத் தெரு கைது செய்ய மத்திய அரசிடம் ஆள் இல்லை, மாநிலப் போலீஸைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. குடிமகனுக்கு அது போதும். நமக்கு அப்படியில்லை, குடியேற்றம் முழுக்க மத்திய அரசின் கையில். மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்தது நன்னடத்தைக்குக் குறையாகலாம் என்று 2019 ஏப்ரலில் மத்தியக் குடியேற்றத் துறையிடமிருந்து வெளிப்படையாகவே வழிகாட்டுதல் வந்தது. அப்போது டென்வர் மேயராக இருந்த மைக்கேல் ஹான்காக் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதி எதிர்த்தும் பார்த்தார்.

"கஞ்சாவுக்கு வக்காலத்தா?" என்று சிலர் கீழே வருவார்கள். இல்லை. என் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்றுதான் சொல்லி வளர்க்கிறேன். மாநில உரிமை என்றால் மாநிலம் அனுமதித்த தொழிலில் நேர்மையாக உழைத்தவனுக்கும் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிகரெட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் புகைபழக்கத்தால் ஆண்டுக்கு சுமார் 4,80,000 பேர் இறக்கிறார்கள் என்று அரசே சொல்கிறது. ஆனால் சிகரெட்டை அடியோடு தடை செய்ய மத்திய உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு (FDA) அதிகாரம் இல்லை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். விற்பனையை இறுக்குவதை மாநிலங்களுக்கு விட்டார்கள். கலிபோர்னியா 2022-ல் மக்கள் வாக்கோடு மணமூட்டிய பெரும்பாலான புகையிலைப் பொருட்களின் விற்பனையை நிறுத்தியது, சிகரெட் கம்பெனி உச்ச நீதிமன்றம்வரை போயும் தடை வாங்க முடியவில்லை. புகையிலையில் மாநிலத்துக்கு இவ்வளவு இடம் தர முடிந்தவர்களுக்குக் கஞ்சாவில் மட்டும் ஏன் மனம் வரவில்லை?

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒருவர் என் மனைவி காதுபடவே, "அந்தக் கஞ்சா வித்த பையனோட அக்காதானே" என்றார். சொன்னவர் வாசலில் சிகரெட் பிடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். அவர் குடியுரிமைக்குப் போனபோது சிகரெட்டைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் அதற்கப்புறம் விழாவுக்குப் போவதில்லை.

கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு இறக்குவது பற்றிய பேச்சை நம்பியும் சேராதீர்கள். இறக்கினாலும் அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள்தான். ஏற்கெனவே அங்கே வேலை பார்த்திருந்தால் மறைக்க நினைக்க வேண்டாம், பொய் சொல்வது தனிக் குற்றம். விண்ணப்பிப்பதற்கும் ஊருக்கு டிக்கெட் போடுவதற்கும் முன்னால் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். நண்பர்கள் சொல்வதைக் கேட்டு விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள்.