ரெகுலேட்டரைக் கழற்றாதே தம்பி

மார்த்தாண்டத்திலிருந்து டெக்சாஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது, வாடகை கட்டுப்படியாகாமல் காரில் இழுத்துப்போகும் வண்டிவீடான பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, அந்த மாதிரி வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் ஆர்.வி. பார்க்கில் போட்டிருக்கிறேன், ஷவரில் வெள்ளம் நூல் மாதிரி விழுது என்று எழுதியிருக்கிறாய். குழாயில் மாட்டியிருக்கும், தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றினால் சரியாகும் என்று நம்ம ஊர்க்காரர் ஒருவர் சொன்னாராம். கூடவே இன்சூரன்ஸ், இன்டர்நெட், பார்க் மாதவாடகை என்று நாலு கேள்வி. இன்சூரன்ஸை ஏஜென்டிடம் கேள், இன்டர்நெட்டைப் பக்கத்து வண்டிக்காரரிடம் கேள். நான் தண்ணீருக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு செய்தால் வண்டியே போய்விடும்.

கழற்றாதே.

நம்ம வீட்டு மாடியில் சின்டெக்ஸ் டாங்கு இருக்கிறதே, அதை நினைத்துக்கொள். 2.31 அடி உயரத்துக்கு 1 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு ஒரு பவுண்டு) அழுத்தம். டாங்குக்கும் குளிமுறிக் குழாய்க்கும் 12 அடி வித்தியாசம் என்றால் 5 பிஎஸ்ஐதான். ஆனாலும் வாளி சட்டென்று நிறைகிறது, ஏனென்றால் முக்கால் இன்ச், ஒரு இன்ச் பைப், நடுவில் தடை எதுவும் கிடையாது. டிரெய்லரில் எல்லாம் தலைகீழ். அழுத்தம் பத்து மடங்கு, பைப் அரை இன்ச், வழியெல்லாம் சல்லடையும் வால்வும். ஊரில் தண்ணீர் குறைந்தால் அழுத்தம் குறைவு என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே பெரும்பாலும் அழுத்தம் சரியாகவே இருக்கும், வரத்துதான் எங்கேயோ அடைபட்டிருக்கும்.

50 பிஎஸ்ஐ என்றால் எவ்வளவு தெரியுமா? மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி. மேலே ஓடும் தண்ணீரை ஒரு பைப்பில் நேரே பறளியாற்றுக்கு இறக்கி, அடியில் ஒரு டேப்பை வைத்து அடைத்தால் அந்த டேப்பை முட்டுவது 50 பிஎஸ்ஐ. 133 அடி வள்ளுவர் சிலையின் உச்சியிலிருந்து இறக்கினால் ஏறக்குறைய 58. உன் வண்டிக்கு 45 முதல் 55 வரை போதும், வள்ளுவர் தலைக்கு மேல் போகவே வேண்டாம். பார்க் குழாயில் 80 சாதாரணமாக வரும், சில இடங்களில் 100 தாண்டும். 100 என்பது 231 அடி. பகலில் 50 காட்டும் குழாய், ராத்திரி எல்லாரும் டேப்பை அடைத்து உறங்கின பிறகு ஏறிவிடும். வண்டிக்குள் ஓடும் பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய் அதைத் தாங்கும், தாங்காதது மூட்டுகள். சிங்குக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டு, டாய்லெட் வால்வு, ஷவருக்குப் பின்னால் கண்ணில் படாத எல்போ, இவைதான் விடும். தரை மரப்பலகை, ஒரு ராத்திரி ஊறினாலே உப்பிவிடும்.

பத்து வருஷம் இங்கே இருந்தவர் சொன்னார் என்பாய். அவர் இருப்பது வீட்டில். வீட்டுக் குழாய்க்குத் தெரிந்ததை வண்டிக்குச் சொல்கிறார். வாட்ஸ்அப் குழுக்களில் இந்த ஒரு யோசனையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நம்ம மாவட்டத்தில் கல்ஃபில் பிளம்பிங் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரைக் கேட்டுப்பார், பிரஷர் கேஜ் என்ன காட்டுது என்றுதான் முதலில் கேட்பார்.

நீயும் கேஜிலிருந்தே தொடங்கு. உன்னிடம் இருப்பது விரல் நீளப் பித்தளை உருளை என்றால், குற்றவாளி அதுவாகவே இருக்கலாம். அதன் உள்வழி ஒடுக்கம், அழுத்தத்தோடு வரத்தையும் குறைத்துவிடும். அதைக் கழற்றத்தான் வேண்டும், ஆனால் அந்த இடத்தைச் சும்மா விடுவதற்காக அல்ல. கேஜும் திருகும் உள்ள, அழுத்தத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ரெகுலேட்டரை அங்கே மாட்டு. வண்டிப் பக்கம் மாட்டாதே, பார்க் குழாயிலேயே மாட்டு, அப்போதுதான் ஹோஸுக்கும் பாதுகாப்பு. எல்லா டேப்பையும் அடைத்துவிட்டு 50 காட்டும்வரை திருகைத் திருப்பு. வலப்பக்கம் ஏறும், இடப்பக்கம் இறங்கும். ஒரு டேப்பைத் திறந்து அடைத்து மறுபடி பார்.

இனி அடைப்பைக் கண்டுபிடிக்கலாம். ஷவரை முழுசாகத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஜைப் பார். முள் 50லிருந்து 20க்கு விழுந்தால் அடைப்பு கேஜுக்கு முன்னால், அதாவது பார்க் குழாயிலோ ரெகுலேட்டரிலோ. முள் 45க்குப் பக்கத்திலேயே நின்றும் ஷவரில் நூல்தான் என்றால் அடைப்பு கேஜுக்குப் பின்னால், வண்டிப் பக்கம்.

அடுத்தது, ஹோஸை அடைத்துவிட்டு, வண்டியிலேயே இருக்கும் டாங்குத் தண்ணீரில் அதன் 12 வோல்ட் பம்பைப் போட்டுப் பார். பம்பில் நன்றாக வந்தால் வண்டிக்குள் கோளாறு இல்லை. ஃபில்டர், ஹோஸ், வண்டியின் நுழைவாய், இம்மூன்றில் ஒன்று. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தாலே தெரிந்துவிடும், மிக நுண்ணிய கார்பன் ஃபில்டர் புதிதாக இருந்தாலும் வரத்தைக் குறைக்கும். பழைய வண்டியில் நான் பந்தயம் கட்டுவது நுழைவாயில்தான். ஹோஸைக் கழற்றி அந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார். ரப்பர் வாஷரோடு ஒரு சின்னக் கம்பிவலை, கூம்பு மாதிரி உள்ளே குழிந்து இருக்கும். அதன் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கும் மணலும் பச்சரிசிக் குருணை மாதிரி திரண்டு கிடக்கும். மூக்குக் குறடால் மெதுவாக இழுத்தெடு, வினிகரில் அரைமணி நேரம் போட்டுப் பழைய பல்பிரஷால் தேய். வலை கிழிந்திருந்தால் புதிது வாங்கு. வலை இல்லாமல் மாட்டாதே, அடுத்த மணல், தண்ணீரைத் திரும்பிப் போக விடாத செக் வால்வில் போய் உட்காரும்.

ஹோஸிலும் பம்பிலும் குறைவு என்றால் ஷவர் தலையையும் சமையல் டேப் நுனியில் இருக்கும் சல்லடையையும் கழற்றிக் கழுவு. சுடுதண்ணீர் மட்டும் குறைவு என்றால் ஹீட்டருக்குப் பின்னால் இருக்கும் செக் வால்வு ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பாக மட்டும் வந்தால், முந்தின சொந்தக்காரர் குளிர்காலத்தில் ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமலிருக்கத் திருப்பிய பைபாஸ் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் விட்டிருப்பார்.

பம்பு பற்றி இரண்டு. எந்த டேப்பும் திறக்காமலே அது டுர் என்று ஒரு நொடி ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது அதன் செக் வால்வு பிடிக்கவில்லை. ஹோஸ் மாட்டியிருக்கும்போது டாங்கு தானாக நிறைந்து வண்டிக்கு அடியில் ஊற்றினாலும் பெரும்பாலும் அதே வால்வுதான். ஹீட்டரின் வெளிவால்வு சொட்டினால் அதை எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதே, அது 150 பிஎஸ்ஐயில் திறந்து உயிரைக் காக்கிற வால்வு.

எல்லாம் சரியான பிறகு ஒரு கேலன் கேனை ஷவருக்கு அடியில் பிடித்து மணி பார். 24 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு இரண்டரை கேலன், ஒன்பதரை லிட்டர். அமெரிக்காவில் ஷவருக்குச் சட்டம் அனுமதிப்பதே அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசைப்படாதே. உன் அழுக்குத்தண்ணீர் டாங்கு 30 கேலன் என்றால் 12 நிமிடத்தில் நிறைந்து, தண்ணீர் ஷவர் தட்டு வழியாகவே மேலே ஏறும். ஹீட்டர் 6 கேலன். நனைந்ததும் அடை, சோப்பு போடு, மறுபடி திற. சானலில், அதாவது கால்வாயில், முங்கிக் குளித்து வளர்ந்த நமக்கு முதலில் இது குளித்த மாதிரியே இருக்காது. ஆனால் கோடையில் சானல் வற்றி, கிணற்றில் பாதி வாளி கோரி அதில் தலைக்கும் உடம்புக்கும் முடித்துக்கொண்டதும் நாம்தானே. இங்கே பிறந்தவர்களைவிட நமக்கு இது சீக்கிரம் கைவரும்.

வெளியே போகும்போது பார்க் குழாயை அடைத்துவிட்டுப் போ. ஹோஸைக் கழற்றுமுன் குழாயை அடைத்து, உள்ளே ஒரு டேப்பைத் திறந்து அழுத்தத்தை இறக்கு, இல்லையென்றால் முகத்தில் அடிக்கும். இடம் மாறும் அன்றைக்கு ரெகுலேட்டரைப் பார்க் குழாயிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அதன் மேல் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவை.