‘காய்கறி வண்டி’ என்கிறார்கள்… ரோடு பைக் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். எட்டு மாதம் முன்பு நேர் ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினேன். மட்கார்டு, ஸ்டாண்ட் எல்லாம் உண்டு. ஞாயிறுதோறும் ஈ.சி.ஆரில் கோவளம் வரை போகும் குழுவில் பன்னிரண்டு பேர். மற்ற எல்லாரும் ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டில்பார் உள்ள பந்தய வகை சைக்கிள். நேர்சாலையில் 28 கி.மீ. வேகத்தில் கூடவே போய்விடுகிறேன். ஆனால் ஒவ்வொரு பேரிகேடு தாண்டியதும் பின்தங்கிவிடுகிறேன். “இது காய்கறி வாங்கப் போற வண்டிக்கா, நல்ல ரோடு பைக்கா வாங்கிட்டு வாங்க” என்று சிரிக்கிறார்கள். “தடி டயர்” என்றும் கேலி. நீண்ட தூரம் ஓட்டும் பி.ஆர்.எம். குழுவினரோ, “அவங்க காபி குடிக்க சைக்கிள் ஓட்டுறவங்க, நீங்க எங்களோட வாங்க” என்கிறார்கள். 80,000 ரூபாய் கடன் வாங்கி ரோடு பைக் எடுக்கட்டுமா? எந்தக் குழுவில் சேர?

பதில்: கடன் வாங்காதீர்கள் சகோதரி. நேர்சாலையில் 28-ல் கூடவே வருகிறவர் பேரிகேடில் மட்டும் விடுபடுகிறார் என்றால் குறை வண்டியில் இல்லை, வரிசையில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இடத்தில். புதியவர் என்று கடைசியில் வரச் சொல்லியிருப்பார்கள். அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் வரிசையிலேயே கஷ்டமான இடம் அது.

பன்னிரண்டு பேர் போகும்போது வரிசை சுமார் 30 மீட்டர் நீளம். பேரிகேடில் எல்லாரும் 15-க்கு இறங்குகிறார்கள். முதல் ஆள் வெளியே வந்து 28-ஐப் பிடிக்கும்போது நீங்கள் இன்னும் இந்தப் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் பேரிகேடைத் தாண்டுவதற்குள் அந்த 30 மீட்டர் 50 மீட்டராகிவிடும். அதை அடைக்க நீங்கள் மட்டும் 34-ல் போக வேண்டும். காற்றைக் கிழிக்க ஆகும் பலம் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 28-லிருந்து 34-க்குப் போக அந்தக் கணக்கில் மட்டும் ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதல். முன்னால் மறைக்க ஆளும் இல்லை. இதை ஒரு காலையில் ஏழெட்டு முறை செய்தால் யாருக்கும் கால் கழன்றுவிடும்.

எனவே குழுத் தலைவரிடம் மூன்றாவது அல்லது நான்காவது இடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். பேரிகேடு கண்ணில் பட்டதுமே, பெடல் சுழன்றுகொண்டிருக்கும்போதே, பின்கியரை இரண்டு படி லேசாக்கிவிடுங்கள். நின்றபிறகு மாற்றப் பார்த்தால் கனத்த கியரில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டும். முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இப்போதைக்குப் போதும். அவர் சக்கரத்தையே வெறிக்காமல் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. அவர் ஒரு குழிக்காக ஒதுங்கினால் உங்கள் முன்சக்கரத்தில் தட்டும்; விழப்போவது அவரல்ல, நீங்கள்.

ஈ.சி.ஆரில் கூடுதலாக ஒன்று. கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும் நாளில் நேர் பின்னால் ஒதுங்கினால் மறைவு கிடைக்காது. சாய்வாகப் பின்னால்தான் கிடைக்கும். அந்த மறைவைத் தேடி வரிசை சாலையின் நடுப்பக்கம் விரியும். பஸ் போகிற சாலையில் அது ஆபத்து. அன்றைக்குக் காற்றை வாங்கிக்கொண்டே ஒற்றை வரிசையில் போங்கள், வேகம் 24-க்கு இறங்கினாலும் சரி.

இனி அந்தக் கேலி. அதில் பாதி பாதுகாப்பு விஷயம், சொல்லத் தெரியாமல் சொல்கிறார்கள். மீதி வெறும் பெருமை. ஹைப்ரிட் ஹேண்டில்பார் 62 முதல் 68 செ.மீ. அகலம், ரோடு பைக்கில் 42 அளவுதான். இரண்டிரண்டு பேராகப் போகும்போது உங்கள் பார் நுனி பக்கத்துக்காரர் கையில் மாட்டும் என்ற பயம் நியாயமானது. பிரேக், கியர் லீவர்களையும் கிரிப்பையும் பக்கத்துக்கு 3 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டுங்கள். தோளுக்குச் சரிப்பட்டால் நுனியை அறுத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டையும் கழற்றுங்கள், ஸ்பிரிங் தளர்ந்து ஓட்டத்தில் கீழே இறங்கினால் வளைவில் தரையில் குத்தும்.

மட்கார்டை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். ஐப்பசி மழையில் உங்கள் பின்னால் வருகிறவர் வாயில் சாக்கடைத் தண்ணீர் தெறிக்காமல் காப்பது அதுதான்.

“தடி டயர்” என்ற சிரிப்புக்கும் பெரிதாக அர்த்தமில்லை. பதினைந்து வருஷம் முன்பு பந்தய வண்டிகளில் 23 மி.மீ. டயர்தான் பேச்சு, இன்று அதே ஆட்கள் 28 போடுகிறார்கள். கியர் கதையும் இப்படித்தான். பிரான்ஸில் சுற்றுலா சைக்கிள்காரர்கள் வெகுகாலம் முன்பே பழகிவிட்ட டிரெய்லியர் கியரை (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது), டூர் டி பிரான்ஸ் 1937-ல்தான் பந்தயக்காரர்களுக்கு அனுமதித்தது.

உங்கள் வண்டியில் 40 மி.மீ. கட்டை டயர் இருந்தால் 32 மி.மீ. வழவழப்பு டயராக மாற்றுங்கள். ரிம் ஏற்குமா என்று கடையில் பார்த்துவிட்டு. 65 கிலோ எடைக்கு முன்னால் 60, பின்னால் 70 பி.எஸ்.ஐ. காற்று வைக்கலாம், டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். முன்பக்கம் சஸ்பென்ஷன் இருந்தால் தார்ச்சாலையில் லாக் செய்துவிடுங்கள்.

செலவே இல்லாத வேலை சீட் உயரம். இரண்டு காலும் தரையில் படும்படி கடைக்காரர் இறக்கி வைத்திருப்பார். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் சரியாக நீள வேண்டும். மிதிப்பது முன்பாதத்தில், அப்போது லேசான மடிப்பு நிற்கும். தாழ்ந்த சீட்டில் முழங்காலின் முன்பக்கம்தான் முதலில் வலிக்கும்.

எந்தக் குழு என்று கேட்டீர்கள். வேகக்காரர்களும் தூரக்காரர்களும் நூறு வருஷமாகவே முட்டிக்கொள்கிறவர்கள். தலைவரின் பின்னே ஒரே வேகத்தில் கூட்டமாகப் போகும் ‘ஆடாக்ஸ்’ முறையின் உரிமை 1921-ல் கைவிட்டுப் போனதும், பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் அவரவர் வேகத்தில் ஓட்டி, குறித்த நேரத்துக்குள் தூரத்தை முடிக்கும் பிரெவே முறையைத் தொடங்கியது. இன்றைய பி.ஆர்.எம். அதன் வாரிசு. அதில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து. சராசரி 15-க்கும் கீழே. ஓட்டும்போது 20 வைத்தால் பத்து மணி நேரம்; மூன்றரை மணி நேரம் கையிருப்பு. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. உங்கள் ஹைப்ரிட் அதற்குத் தாராளம். அதற்குமுன் 100, 130 கி.மீ. ஒருமுறையாவது தனியாக ஓட்டிப் பாருங்கள். 80-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காலுக்குமுன் உள்ளங்கையும் உட்காரும் இடமும் முனகும். இரண்டு ட்யூப், டயர் லீவர், பம்ப் கட்டாயம். ஞாயிறு ஓட்டத்தையும் விடவேண்டாம், கூட்டத்தில் ஓட்டும் பழக்கம் அங்கேதான் வரும்.

ஒன்றை மட்டும் இரண்டு குழுவிடமும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். விடியற்காலை எதிரே டிபன் பாக்ஸ் மாட்டிய பழைய ஹீரோ சைக்கிளில் வேலைக்கு வருகிறவரைப் பார்த்து “சைடு, சைடு” என்று கத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வண்டியில் லைட் இருக்காது, மணல் ஓரத்தில் இறங்கினால் சக்கரம் புதையும். ஒதுங்க வேண்டியது கியரும் லைட்டும் உள்ள நாம். சிமிட்டும் முன்விளக்கை அணையாமல் எரியவிட்டு, ஒளி ஆறு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி கீழே சாய்த்து வையுங்கள். அவர் கண்ணில் அடித்தால் உங்கள் கூட்டம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது.