நடுநிலைப் பள்ளிக்குச் சின்ன, விலை குறைந்த லேப்டாப்கள் வாங்கலாமா?

நன்கொடையாளர் ஒருவர் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குச் சின்ன லேப்டாப்கள் வாங்கித் தர முன்வந்திருக்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன், அதே மாடலில் ஒன்றை மட்டும் வரவழைத்து ஒரு வாரம் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். கடையில் நாம் பார்க்கும் லேப்டாப் வேறு, ஆறாம் வகுப்பில் அது படும் பாடு வேறு.

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் அசூஸ் ஈ பிசி 701 கணினிகள் சிலவற்றைக் கொடுத்தார். 2007இல் வந்த மாடல். 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, அதனால் பெஞ்சிலிருந்து விழுந்தாலும் அவ்வளவு பயமில்லை. கீபோர்டு சின்னது என்று பிள்ளைகள் ஒருவரும் சொல்லவில்லை, அவர்கள் விரலும் சின்னதுதானே. தொல்லை வேறு இடத்தில் வந்தது. வலப்பக்க ஷிஃப்ட், மேல் அம்புக்குறிக்கும் அந்தப் பக்கம் தள்ளி இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தமிழ் அடிக்கும் ஃபோனெடிக் முறையில் 'ற' வேண்டுமென்றால் ஷிஃப்டோடு ஆர் அழுத்த வேண்டும். 'காற்று' என்று அடிக்கப் போனால் விரல் ஷிஃப்டுக்குப் பதில் அம்புக்குறியில் பட்டு, கர்சர் மேல் வரிக்குத் தாவி, அங்கே ஒரு 'ர்' விழும். பிள்ளைகளைத் தமிழ் எழுத்துகளுக்கே தனி விசை உள்ள தமிழ்99 கீபோர்டு முறைக்கு மாற்றினோம். அதில் ற, ண, ள எதற்கும் ஷிஃப்ட் வேண்டாம், பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

அப்புறம் திரை. அதன் உயரம் 480 பிக்சல்தான். திரையில் திறக்கும் சில ஜன்னல்களின் (விண்டோ) 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலை மேலே இழுக்கக் கற்றுக்கொடுத்தோம். இப்போது வரும் 11.6 அங்குலத் திரைகளில் இந்தச் சிரமம் இல்லை. அதைவிடச் சின்னதாக வாங்காதீர்கள்.

ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் படிப்பு தானாக உயரும் என்று மட்டும் நன்கொடையாளருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். 2005இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே '100 டாலர் லேப்டாப்' என்று அறிவித்த எக்ஸ்ஓ கணினியை நினைத்துப் பாருங்கள். உற்பத்திக்கு வந்தபோது விலை 190 டாலரை நெருங்கியிருந்தது. ஆனால் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த அருமையான கருவி அது. வெயிலிலும் படிக்க முடிகிற திரை, தூசி புகாத ரப்பர் கீபோர்டு, மடக்கினால் யுஎஸ்பி துளைகளை மூடிக்கொள்ளும் ஆண்டெனா. பெரு நாடு அதை லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. அங்கே 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. சிந்தனைத் திறன் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை, பாடம் நடத்தும் விதமும் பெரிதாக மாறவில்லை. கருவி வந்தது, அதை வைத்து நடத்தப் பாடம் வரவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம் இது. அதனால் எந்த வகுப்பில், எந்தப் பாடத்துக்கு, வாரத்தில் எத்தனை பீரியட் என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து முதலில் எழுதிவிடுங்கள்.

குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்) என்றால் அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்று கேளுங்கள். கூகுள் 10 ஆண்டு என்கிறது, ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து தொடங்குவதில்லை, அந்த வகைக் கணினி முதலில் வெளிவந்ததிலிருந்து. மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் பாதிக் காலம் ஏற்கெனவே போயிருக்கலாம். விண்டோஸ் என்றால் 32 ஜிபி சேமிப்பு வேண்டவே வேண்டாம், அப்டேட்டுக்கே இடம் போதாது.

சார்ஜ் போடுவதுதான் தினசரித் தலைவலி. 45 வாட் அடாப்டர் 20 சேர்ந்தால் 900 வாட். ஒரே 5 ஆம்பியர் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் பாக்ஸ் மாட்டி இதை ஓட்டக்கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுத்து, பூட்டும் காற்றோட்டமும் உள்ள அலமாரியில் வையுங்கள்.

20 வாங்கப் பணம் இருந்தால் 15 வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் அடிக்க, மற்றவர் பிழை சொல்வார், வகுப்பும் கலகலப்பாக இருக்கும். மிச்சப் பணத்தில் அந்த அலமாரி, ஒயரிங், கூடுதலாக இரண்டு அடாப்டர், மாற்றுக் கீபோர்டு எல்லாம் வந்துவிடும். முதலில் போவது அடாப்டர் ஒயர்தான்.