‘எர்’ என்றால் தவறு செய்வதா, வழி தவறுவதா?

ஆங்கிலத்தில் தவறு செய்வதைக் குறிக்கும் ‘எர்’ என்ற குட்டிச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ‘மிஸ்டேக்’ இருக்கும்போது ‘எர்’ எதற்கு?

இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். ‘எர்’ லத்தீனின் ‘எர்ராரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எர்ராரே என்றால் அலைதல், பாதையை விட்டு விலகிப் போதல். முதலில் விலகியது கால். புத்தி விலகியது அப்புறம்தான். ‘எரர்’ அதே வீட்டுப் பெயர்ச்சொல்.

‘மிஸ்டேக்’ ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிச் சரக்கு. தவறாக எடுப்பது என்பதே அதன் நேர்ப்பொருள். மழை நாளில் வாசலில் சாய்த்து வைத்த பத்துக் கறுப்புக் குடைகளில் அடுத்தவருடையதை எடுத்து வந்துவிடுகிறோமே, அதுதான் அசல் மிஸ்டேக்.

பேச்சில் ‘எர்’ அரிது. எழுத்திலும் சில நிலைத்த தொடர்களிலும்தான் பார்க்கலாம்.

கேள்வி: இதை எப்படி உச்சரிப்பது?

‘ஃபர்’ என்பதோடு எதுகை சேரும்படி ‘அர்’ என்பது பழைய முறை. ‘எரர்’ செய்த வேலையால் ‘எர்’ என்பதும் பரவிவிட்டது. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. நீங்களும் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: ஒரு வேலையாக அனுப்புவதை ‘எரண்ட்’ என்கிறார்களே, அதுவும் உறவா?

இல்லை. அது செய்தி, தூது என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல். சாகசம் தேடித் திரிந்த ‘நைட் எரண்ட்’ வீரனும் ஏமாற்றுவான். அவனுடைய ‘எரண்ட்’ பயணத்தைக் குறித்த வேறொரு பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பிற்பாடு இரண்டும் குழம்பிப்போயின.

உண்மையான உறவு, ஒழுங்கில்லாமல் போவதைக் குறிக்கும் ‘எராட்டிக்’. பனியாறு எங்கிருந்தோ இழுத்து வந்து, சம்பந்தமில்லாத நிலத்தில் விட்டுப்போன பாறையையும் புவியியலில் ‘எராட்டிக்’ என்பார்கள். அந்தப் பாறை எந்தத் தப்பும் செய்யவில்லை, ஊர் மாறிவிட்டது, அவ்வளவே. சொல்லின் பழைய பொருள் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: ‘எர் ஆன் த சைட் ஆஃப் காஷன்’ என்றால் தவறு செய்யச் சொல்கிறார்களா?

கணக்கு எப்படியும் கொஞ்சம் பிசகும் என்றால், பாதுகாப்பான பக்கம் பிசகட்டும் என்கிறார்கள். ரயிலுக்கு அரை மணி முன்னதாகப் போய் நடைமேடையில் கொட்டாவி விடுவதும் பிசகுதான்; வண்டியின் கடைசிப் பெட்டியைப் பார்த்துக் கையசைப்பதைவிட மேல்.

கேள்வி: ‘டு எர் ஈஸ் ஹ்யூமன்’ யார் சொன்னது?

தவறுவது மனித இயல்பு, மன்னிப்பது தெய்வ இயல்பு என்ற முழு வரி, ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் 1711இல் வெளிவந்த கவிதையில் வருகிறது. முன்பாதி அதற்கு முன்பே லத்தீனில் பழமொழியாக இருந்தது. போப் அதைச் சொன்னது விமர்சகர்களுக்கு! பிறர் எழுத்தைக் கிழிக்கும்போது கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும் என்கிற இடம் அது.

கேள்வி: பெருந்தவறைச் சொல்லும் ‘பிளண்டர்’?

கண்ணை மூடுவதைக் குறித்த ஸ்காண்டிநேவியச் சொல்லோடு தொடர்புடையது. கண்மூடித்தனம் என்று நாம் சொல்வதேதான். சதுரங்கக் குறிப்பில் சாதாரணத் தவறுக்கு ஒரு கேள்விக்குறி, பிளண்டருக்கு இரண்டு.

கேள்வி: ‘எர்’ருக்குச் சரியான தமிழ் எது?

என் ஓட்டு ‘தவறு’க்கு. வழி தவறுகிறோம், கால் தவறுகிறோம், சொல் தவறுகிறோம். எர்ராரே போன அதே பாதை. ‘வழு’வும் நல்ல சொல். வழுக்குதல் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. தொல்காப்பியர் காலத்திலிருந்து இலக்கணக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ‘பிழை’ இன்னும் வேடிக்கை: அதுவே தவறுதல், அதுவே உயிர் தப்புதல். அம்பு குறி பிழைத்தால் மான் பிழைத்தது.

கேள்வி: புத்தகத்தில் ‘எர்ராட்டா’ என்று ஒரு தாள் இருந்தது. அதுவும் இதே குடும்பமா?

ஆமாம், பிழைதிருத்தப் பட்டியல். ஒருமை ‘எர்ராட்டம்’, பன்மை ‘எர்ராட்டா’. ஒருமையை நான் அச்சில் பார்த்தது மிகக் குறைவு. ஒரே ஒரு பிழையோடு எந்தப் புத்தகம் வந்திருக்கிறது?